நான் குடித்த பாடம்

சாரல் மாதத்தில், குர்ஆன் பாடம் எழுதிப் படிக்கும் ஓதப்பள்ளிப் பலகைக்கு ஒரு மணம் உண்டு. கருக வறுத்த அரிசியில் காய்ச்சிய மையும், மேலே பூசிய வெள்ளை மண்ணும், காய மறுக்கும் மரத்தின் ஈரமும் கலந்த அந்த மணம், குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கித் தென்காசித் தெருக்கள் பகலெல்லாம் நசநசவென்று நனைந்து கிடக்கும் நாட்களில், உம்மாவின் தங்கையான என் சாச்சி வீட்டு நடைக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறும். அது என் பலகையின் மணமல்ல. சாச்சி மகள் சுலைகாவின் பலகை. அதை முகர்ந்ததுமே எனக்கு வயிறு காந்தும்.

எனக்கும் ஒரு பலகை இருந்தது. வாப்பா கொழும்புக்குச் 'சபர்' போன வருடம் தம்பி பிறந்தான். தொட்டிலாட்ட ஆள் வேண்டும் என்று உம்மா என்னை ஓதப்பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு யாசீன் ஓதத் தெரிஞ்சா போதும்ட்டி" என்பது அவள் தீர்ப்பு. என் பலகை அரிசிப் பானைக்கு மூடியாயிற்று. சுலைகாவோ வீட்டுக்குக் கடைக்குட்டி, ஆட்டுவதற்கு அவள் வீட்டில் தொட்டில் இல்லை. அவள் ஓதி முடித்து, அதற்கும் மேலே போனாள்.

மேலே என்றால் 'அர்த்தம்'. லெப்பை வீட்டு மாமியிடம் ஓதிய நாங்கள் இருபது பேரும் கிளிகள்தாம். சொன்னதைச் சொல்வோம், பொருள் தெரியாது. மாமிக்கு இருந்த ஓய்வில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் அர்த்தம் சொல்லித்தர முடியும் என்றும், ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சரிப்படாவிட்டால் வேறொருத்தியை எடுப்பேன் என்றும் சொல்லி, சுலைகாவை எடுத்திருந்தாள். அந்த வேறொருத்தி நானாக இருந்தால் உம்மா என்ன, ஊரே தடுத்தாலும் போவேன் என்று தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கூடவே, அப்படிக் கணக்குப் போடுவது பாவமோ, அந்தப் பாவம் கடலில் போகிற வாப்பாவைத் தாக்குமோ என்றும் பயந்தேன்.

சுலைகா படித்ததை வைத்துக்கொள்ளத் தெரியாதவள். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அவிழ்த்துவிடுவாள்.

"ஏட்டி, நம்ம பேச்சுல வாலு ஆடும். அரபில தல ஆடும்" என்றாள் ஒருநாள். நாம் 'பெயரால்' என்று 'ஆல்' போட்டுக் கடைசியில் முடிப்பதை, அவர்கள் 'பி' என்று முன்னாலேயே வைத்துவிடுகிறார்களாம். சோற்றில் கை வைக்குமுன் நாங்கள் சொல்லும் பிஸ்மிக்குள் அந்த 'பி' உட்கார்ந்திருக்கிறதாம். 'சஜ்தா'வின் எழுத்துகளுக்கு முன்னே ஒரு 'ம' வந்தால் தலை வைத்து வணங்கும் இடம், 'மஸ்ஜித்'. புத்தகமாகிய 'கிதாபு'க்கு முன்னே வந்தால் எழுதும் இடம், 'மக்தப்'. தலையில் ஏறும் எழுத்துக்கு ஏற்பச் சொல்லின் உடம்புக்குள்ளும் ஓசை கொஞ்சம் அசைந்துகொடுக்கும் என்றாள். ஆயிரம் தடவை சொன்ன சொற்களுக்குக் கதவு இருந்ததும், அதன் சாவி இவளிடம் இருப்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளை மடக்க எண்ணி, "எங்க வாப்பா சபராளி. அதுக்கு என்ன?" என்றேன்.

"சபராளின்னா வாலு நம்மளது. அரபில 'முசாபிர்'. முன்னால 'மு' போட்டா பயணம் ஆளாயிரும்."

என் வாப்பாவுக்குரிய சொல்லும் அவளிடம் போய்விட்டது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மாதக் கடைசியில் மாமி சோதிப்பதாக இருந்தாள். அதற்கு முதல்நாள் மத்தியானம் உம்மா, அரிசி புடைக்கச் சாச்சியிடம் சுளகு வாங்கிவர என்னை அனுப்பினாள். நடையில் பலகை சாய்ந்து நின்றது. அந்த மாதப் பாடம் முழுவதும் அதில் இருந்தது, மை இன்னும் பளபளத்தது. பாடம் முடிந்த பலகையைக் கழுவினால் அந்தத் தண்ணீரைக் கால்படும் இடத்தில் ஊற்ற மாட்டோம். 'கரைச்சுக் குடிச்சா நெஞ்சுல நிக்கும்' என்று மாமியே மறதிப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பாள். எனக்கு அது நினைவு வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு, உள்ளங்கையால் பலகையைத் தேய்த்து, கறுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். அவளிடம் இல்லாமல் போக வேண்டும், என்னிடம் வந்துவிட வேண்டும். சுளகை வாங்க மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

பிறகுதான் பயம் பிடித்தது. பலகையில் மஸ்ஜித் இருந்ததே, பள்ளிவாசலையா விழுங்கினேன்? வயிற்றில் அதை வைத்துக்கொண்டு கொல்லைக்கு எப்படிப் போவது? விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தேன். ஒரு சொல்லும் புதிதாக விளங்கவுமில்லை.

காலையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் தோற்பதைப் பார்க்கவே மாமி வீட்டு முற்றத்துக்குப் போனேன். வெற்றுப் பலகையோடு சுலைகா நின்றாள். மாமி ஏறிட்டுப் பார்த்தாள். சுலைகா என்னைப் பார்த்தாள்; என் உதட்டைப் பார்த்தாள் என்று சொல்வதே சரி. வேப்பங்குச்சியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு அதில் இருந்தது.

"நாந்தான் கழுவுனேன் மாமி. பாடம் நெஞ்சுல இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒன்று விடாமல் ஒப்பித்தாள். முடித்துவிட்டு முற்றத்து நாவல் மரத்தடியில் நாலு பழம் பொறுக்கி, மாமி என் பக்கம் திரும்புமுன் என் வாயில் ஒன்றைத் திணித்தாள். "தின்னுட்டி. வாய் கறுத்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாக."

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். படிப்பிலும் ஜெயித்து, பெருந்தன்மையிலும் ஜெயித்துவிட்டாள். அந்தப் பழத்தின் துவர்ப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று ஓதப்பள்ளிகளில் பலகை இல்லை. அச்சுப் புத்தகம்தான், அதைக் கழுவிக் குடிக்க முடியாது. மாமியின் வீடு இருந்த இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது, நாவல் மரம் போன இடம் தெரியவில்லை. சுலைகா பல ஊர்ப் பெண்களுக்கு அர்த்தம் சொன்னவள் என்று பேரெடுத்துவிட்டாள். போன பெருநாளைக்கு அவள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, அன்று நான் இடுப்பில் சுமந்த தம்பியின் மகள், பிஸ்மி என்றால் என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்டாள்.

"எங்கிட்ட ஏம்மா கேக்க? ஒங்க மாமிகிட்ட கேளு. நான் படிச்சவதான். குடிச்சவ அவல்லா" என்று என்னைக் காட்டினாள் சுலைகா.

இத்தனை வருடம் அதை வெளியே விடாமல் வைத்திருந்தவள். பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துச் சொன்னேன்: பெயர் என்றால் இஸ்மு, அதன் தலையில் 'பி' ஏறினால் பெயரால். சுலைகா மெதுவாகத் தலையை அசைத்தாள், அன்று லெப்பை வீட்டு மாமி அசைப்பதைப் போலவே. சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு வரவில்லை. அப்படித் தலையசைக்கும் உரிமை அவளுக்கு இருக்கிறதே என்றுதான் வயிறு காந்தியது.