கடைசி வீட்டிலிருந்து அளந்த பொறியாளர்

ரோஸ்லின் மேடம் இறந்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை, என் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, தெரிந்த பிளம்பர் ஒருவர் போனில் சொன்னார். நெஞ்சுவலியாம். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. திருப்பூரில் வீடு கட்டிய உங்களில் பலர் அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன்.

2006-ல், பல்லடம் சாலையை ஒட்டிய எங்கள் சோளக்காட்டில் தொழிலாளர்களுக்கு நூற்றிருபது வீடுகள் கட்ட நினைத்தேன். குடிநீர், சாக்கடை இணைப்புக்கு அனுமதி தர வேண்டிய பொறியாளர் அவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இங்கன இருக்க குழாய் தாங்காது அண்ணாச்சி" என்றார். பெரிய மனிதர் ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிப் போனேன். பொறுமையாகப் படித்தார்.

"கடிதாசியக் குழாய்க்குள்ள விட்டா தண்ணி பெருகுமா அண்ணாச்சி? நாளைக்குத் தண்ணி வர்ற நாளு. காலைல ஆறு மணிக்கு வாங்க."

கோபத்தோடுதான் போனேன். என் காட்டுக்குக் கீழே இருந்த தெருவின் கடைசி வீட்டுக்கு அழைத்துச் சென்றார். குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்திருந்தவள், என் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் செல்வி.

"ஏனுங்க மொதலாளி, நீங்க எங்கீங்க இங்க?" என்று பதறி எழுந்தாள்.

ரோஸ்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நூல்போல விழுந்த தண்ணீரில் ஒரு குடம் நிறைவதற்குள் எனக்குக் கால் கடுத்துவிட்டது. தண்ணீர் வரும் நாட்களில் செல்வி வேலைக்குத் தாமதமாக வருவாள். அதற்காக அவளைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அவள் வீட்டுக் குளியலறையின் வடிகால் ஓட்டையைச் சாக்குச் சுற்றிய கல் ஒன்று அடைத்திருந்தது. "மழ பேஞ்சா சாக்கட ஊட்டுக்குள்ள ஏறிக்குதுங்க" என்றாள் செல்வி. தெருவில் சாக்கடை மூடியைத் தூக்கச் செய்து காட்டினார் ரோஸ்லின். குழாய் முழுக்க நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல உங்க நூத்தியிருபது வீட்டுத் தண்ணியும் வந்தா எங்கிட்டுப் போவும்?"

"அப்ப ஊடே கட்டக்கூடாதுங்களா மேடம்?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? வழி பாப்போம்."

மூன்று காலைகள், மட்டம் பார்க்கும் கருவியோடு எங்கள் காட்டில் நடந்தார். தாழ்ந்த தென்மூலை வழியாகப் பெரிய சாக்கடைக் குழாய்க்குச் சரிவு இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த வழியே குழாய் பதித்தேன். அவர் சொன்னபடி செல்வியின் தெருவையும் அதில் சேர்த்தேன். முதலில் அறுபது வீடுகள், அதுவும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில். மீதி, புது மேல்நிலைத் தொட்டி வந்த பிறகு. அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் தொட்டி வந்தது, மீதி வீடுகளும் எழுந்தன.

குழாய் பதித்தபின் வந்த முதல் மழைக்கு மறுநாள் செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். "அந்தக் கல்லத் தூக்கி வெளிய போட்டுட்டனுங்க." உடனே ரோஸ்லினுக்குப் போன் செய்தேன்.

"சந்தோசம் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு மழ பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

இரண்டல்ல, பல மழைகள் பார்த்தாயிற்று. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரே ஒரு பழக்கம். நேற்று சோமனூர் பக்கம் ஓர் இடத்தைக் காட்ட வந்த புரோக்கர், வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டார்.

"அது அப்புறங்க. இதுக்குக் கீழ கடைசி ஊடு எதுங்க?" என்றேன்.