முட்டி போடுவதா, வேண்டாமா?

டீக்கடை டிவியில் மேட்ச் ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு டீம் ஆட்டக்காரர்களும் புல்தரையில் ஒரு காலை மடக்கி முட்டி போட்டார்கள். என் சிநேகிதன் வாயில் இருந்த பஜ்ஜியை முழுங்காமலே கேட்டான்.

"இன்னா மச்சான், எல்லாரையும் முட்டி போட வெச்சுட்டாங்க? ஹோம் ஒர்க் எழுதலியா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. நாங்கள் இருவரும் தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கணக்கு வாத்தியார் புண்ணியத்தில் பத்தாம் வகுப்பின் பாதியை வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் முட்டி போட்டே கழித்தோம். எங்களுக்குத் தெரிந்த முட்டி அது ஒன்றுதான்.

அவன் இப்போது மாடம்பாக்கம் ரோட்டில் சிமெண்ட், ஜல்லி, கம்பி விற்கிறான். அவன் அப்பா நெல் போட்ட நிலத்தில் இன்றைக்கு இருநூறு வீடு நிற்கிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் டீமுக்கு அவன்தான் கேப்டன். பேட்டு, ஸ்டம்பு, தண்ணீர் கேன், எல்லாரையும் ஏற்றிப்போகும் மினி லாரி எல்லாம் அவனுடையது. வேறு யாரைக் கேப்டன் ஆக்குவது? நான் அரசாங்க அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிறவன். ஒரு காலத்தில் ஓப்பனிங் இறங்கினேன். இப்போது ஸ்கோர் எழுதுகிறேன், கேட்காதவர்களுக்கும் கருத்து சொல்கிறேன்.

அன்றைக்கும் சொன்னேன். வெளிநாட்டில் கறுப்பு நிறத்துக்காக ஆளைக் கொல்கிறார்கள், வீடு தரமாட்டேன் என்கிறார்கள், வேலை தரமாட்டேன் என்கிறார்கள், அது அநியாயம் என்று காட்டத்தான் இப்படி, என்று விளக்கினேன்.

"அநியாயம்னா கோர்ட்டுக்குப் போ. கிரவுண்டுல இன்னா வேலை? டிக்கெட் வாங்கினவன் சிக்ஸர் பாக்க வந்துகினு இருக்கான், இவனுங்க முட்டியப் பாக்கவா வந்தான்?"

"நீயெல்லாம் மனுஷனாடா?" என்றேன்.

"சரி, நீ மனுஷன். பஜ்ஜி ஆறிடப் போவுது, துன்னு."

கடையில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் அவன் பக்கம், மீதிப் பேர் என் பக்கம். சண்டை எங்கள் டீமின் செல்போன் குரூப்புக்குப் போயிற்று. நான் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றும் கல்யாணப் பத்திரிகை நீளம். அவன் பதிலுக்கு ஒரு சிரிக்கிற மூஞ்சியை மட்டும் அனுப்புவான், எனக்கு ரத்தம் கொதிக்கும். மூன்று பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறினார்கள். அடுத்த மேட்ச் எத்தனை மணிக்கு என்பது அந்தக் குரூப்பில்தான் தெரியும் என்பதால் சாயங்காலமே திரும்பி வந்தார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் நடிக்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியையும் நம்பித்தான் எழுதினேன்.

அடுத்த வருஷம் அந்தப் பையன் வந்து சேர்ந்தான். ஜிம்பாப்வேக்காரன், இங்கே ஒரு கல்லூரியில் பார்மசி படித்துக்கொண்டிருந்தான். ஏரியோரம் நாங்கள் ஆடும் இடத்துக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பான். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல கறுப்பு. கேப்டன் அவனைப் பார்த்த மாத்திரத்தில் லாட்டரி விழுந்த மாதிரி ஆகிவிட்டான்.

"மச்சான், வெஸ்ட் இண்டீஸ்டா! ஃபாஸ்ட் பௌலர்டா!"

ஜிம்பாப்வே எங்கே, வெஸ்ட் இண்டீஸ் எங்கே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் புதுப் பந்து அவன் கையில் இருந்தது. பேட்ஸ்மேன் ஹெல்மெட் கேட்டான். டென்னிஸ் பந்துக்கு ஹெல்மெட்! கீப்பர் பதினைந்து அடி பின்னால் போய் நின்றான். பையன் இரண்டே இரண்டு எட்டு வைத்து, பந்தை மேலே தூக்கி ஒரு லெக் ஸ்பின் போட்டான். அது போய்ச் சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பேட்ஸ்மேன் பயத்தில் ஏற்கெனவே ஸ்கொயர் லெக் பக்கம் ஒதுங்கியிருந்தான். பந்து நிதானமாகத் திரும்பி ஸ்டம்பில் பட்டது.

அந்த சீசன் முழுக்க இதே கதைதான். புது டீம் எல்லாம் அவனைப் பார்த்ததும் நடுங்கும், அவன் மெதுவாகச் சுழற்றுவான், அவர்கள் வரிசையாக அவுட் ஆவார்கள். நான்கூட அவனைக் கண்டதும் வேகப்பந்து என்றுதான் நினைத்தேன், ஆனால் குரூப்பில் அதை எழுதவில்லை. மெஸ் அக்காவிடமும் கடைகளிலும் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். எல்லாரையும் அண்ணா என்பான். விக்கெட் எடுத்தால் ஓடிவந்து ஸ்கோர் எழுதும் என்னையும் சேர்த்துக் கட்டிப்பிடிப்பான்.

ஏரியா டோர்னமென்ட் அரையிறுதியில் அசிங்கம் ஒன்று நடந்தது. அவன் பந்து போட வந்தபோது எதிர் டீமோடு வந்த நாலைந்து பேர் பவுண்டரிக்குப் பின்னால் நின்று குரங்கு மாதிரி கத்தினார்கள். பையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், சிரித்தான், பந்தைப் போட்டான். நான் ஸ்கோர் புத்தகத்தை வீசிவிட்டு, "நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். கேப்டன் எதுவும் கத்தவில்லை. ஒரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் பக்கம் நடந்தான். ஓடிவிட்டார்கள்.

அன்று ராத்திரியே குரூப்பில் எழுதினேன்: படப்பையில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு முன்னால் நம் டீம் மொத்தமும் முட்டி போட வேண்டும். கேப்டனிடமிருந்து உடனே குரல் செய்தி வந்தது.

"ஸ்டம்பைப் புடுங்கினேன், ஓடிட்டானுங்க. முட்டி போட்டா இன்னா பண்ணுவானுங்க? போட்டோ எடுப்பானுங்க. பேஜார் பண்ணாத மச்சான்."

ஓட்டெடுப்பு நடத்தினேன். ஏழு பேர் என் பக்கம், நாலு பேர் அவன் பக்கம். ஜெயித்துவிட்டேன். எனக்கு ஏற்பட்ட பெருமையைப் பார்த்திருந்தால் நான்தான் அந்த முட்டியையே கண்டுபிடித்தவன் என்று நினைப்பீர்கள். ஞாயிறு காலை மினி லாரியில் போகும்போது இடது முட்டியா வலது முட்டியா என்று பாடம் வேறு நடத்தினேன்.

படப்பையில் டாஸ் போடக் கூப்பிடுகிற நேரம். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தேன். அப்போது கேப்டன் கேட்டான்:

"அவனைக் கேட்டியா?"

"யாரை?"

"யாருக்காக முட்டி போடறியோ, அவனை."

கேட்கவில்லை. பதினோரு பேர் ஓட்டில் அவன் ஓட்டும் ஒன்று, ஆனால் எந்தப் பக்கம் போட்டான் என்றுகூட நான் பார்க்கவில்லை. எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் கையில் பந்தை உருட்டிக்கொண்டே நின்றான்.

"முட்டி வேணாம் அண்ணா," என்றான். "எனக்கு வீடு வேணும்."

அப்புறம் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னான். இருக்கிற ரூமை மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பதினாலு வீடு பார்த்தாகிவிட்டது. "போன்ல பேசினா வீடு இருக்கு அண்ணா. நேர்ல போனா வீடு இல்ல. போர்டு மட்டும் தொங்குது." தங்குகிற இடத்தின் அட்ரஸ் காட்டவில்லை என்றால் விசா புதுப்பிக்க முடியாது. விசா இல்லை என்றால் கடைசி வருஷப் படிப்பு போயிற்று, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

டீமில் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். காரணம் இருந்தது. என் வீட்டு மாடிப் போர்ஷன் மூன்று மாசமாகக் காலி. இரண்டு ரூம், தனிப் படிக்கட்டு, வற்றாத போர் தண்ணீர். யாராவது ஆள் இருந்தால் சொல்லுங்கப்பா என்று ஒவ்வொரு ஞாயிறும் புலம்பி எல்லாருடைய காதையும் புண்ணாக்கியிருந்தேன்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

கேப்டன் பெரிதாகச் சிரித்தான். "முட்டி போடறதுக்கு வூட்ல கேட்டியா மச்சான்?"

டாஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முட்டியை எல்லாரும் மறந்தே போனார்கள். பையன் மூன்று விக்கெட் எடுத்தான், இருந்தும் தோற்றோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேச்சை எடுத்தேன். அவள் பள்ளிக்கூட டீச்சர், எடுத்த எடுப்பில் எதற்கும் சரி என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். அதை நம்பித்தான் பேச்சையே எடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு வசதி செய்துகொடுக்க முடியுமோ அவ்வளவும் செய்தேன்.

"ஆப்பிரிக்காப் பையன். கல்யாணம் ஆகாதவன். நம்ம தெருவுல இதுவரைக்கும் அந்த மாதிரி யாரும் இருந்ததில்ல. ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க, போவாங்க. உனக்குக் கஷ்டம்னா சொல்லு, வேணாம்னு சொல்லிடறேன்."

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு என்ன கஷ்டம்? பையன் ஒழுங்கானவனா?"

"ஒழுங்கானவன்தான்..."

"அப்ப வரச் சொல்லுங்க. மூணு மாசமா சும்மாதானே கிடக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோபா வாங்கலாம் என்றால் வேண்டாம், ஊட்டி போகலாம் என்றால் வேண்டாம், என் பெரியப்பா மகனை இரண்டு நாள் தங்கச் சொல்லலாம் என்றால் வேண்டவே வேண்டாம். பதினெட்டு வருஷமாக எதற்குமே தலையாட்டாதவள், போயும் போயும் இதற்கா ஆட்ட வேண்டும்! வெஜிடேரியன் மட்டும் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. ஞாயிறு என்றால் எங்கள் வீட்டு மட்டன் வாசனை தெருமுனை வரைக்கும் போகும்.

நாலு நாள் அதையே போட்டு உருட்டினேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆபீசர் என்ன சொல்வார், மளிகைக்கடையில் என்ன கேட்பார்கள், இவன் போனபிறகு வேறு யார் குடி வருவார்கள் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் புருடா. மைதானத்தில் அவனைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். அதே ஆள் என் வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்குவதாக நினைத்துப் பார்த்தபோது உள்ளே ஏதோ சுருங்கியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை அவனே போன் செய்தான்.

"வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க தம்பி," என்றேன். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

"பரவாயில்ல அண்ணா. என்னால அக்காவுக்குக் கஷ்டம் வேணாம்."

மனைவியிடம், அவனுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம் என்று சொன்னேன். அப்படியா, என்று சொல்லிவிட்டு அவள் விடைத்தாள் கட்டைப் பிரித்தாள்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் கேப்டன் தன் கடை மாடியில் அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைகளை இறக்கிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பையனைக் குடி வைத்தான். கேப்டனின் அண்ணன் வந்து, தெருவில் பேர் கெட்டுவிடும் என்று சத்தம் போட்டாராம். "பேர் கெட்டா நீ காலி பண்ணிக்கினு போ, அவன் இங்கதான் இருப்பான்," என்று சொல்லி அனுப்பிவிட்டான். நான் பாராட்டப் போனபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"பாராட்டுறதுக்கு இன்னா கீது? எனக்கு ஸ்பின்னர் வேணும். அவன் ஊருக்குப் போயிட்டா நீயா பௌலிங் போடுவே?"

அவன் ஒன்றும் திருந்திவிடவில்லை. இப்போதும் டிவியில் யாராவது முட்டி போட்டால் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்க வந்துட்டாங்க மச்சான்," என்பான். கரண்ட் போனால் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாதே என்று பையனைக் கிண்டல் செய்வான். "உங்களையும் தெரியாது அண்ணா," என்று பையன் திருப்பிக் கொடுப்பான். உண்மைதான், கேப்டனும் நல்ல கறுப்பு. அந்தக் கிண்டல் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் அவனைக் கண்டிக்கிற வாய் இப்போது எனக்கு இல்லை.

ஒரு மாசம் போயிற்று. மனைவி சேலையூர் மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு வந்தாள்.

"உங்க டீம் பையனைப் பாத்தேன். அவ்வளவு உயரம் வேற யாரு இருக்கா? நானே போய்ப் பேசினேன். ஏம்ப்பா, உன்னை வரச் சொல்லித்தானே இவர்கிட்ட சொன்னேன், நீ வரவே இல்லையேன்னு கேட்டேன்."

என் கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்ன சொன்னான்?"

"கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு நின்னான். தமிழ் புரியலையோன்னு நெனச்சேன். அப்புறம் சிரிச்சுட்டு, அண்ணா ரொம்பக் கூப்பிட்டாரு அக்கா, எனக்குத்தான் காலேஜ் பக்கத்துல வேணும்னு தோணிச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னான். என்ன மரியாதை பாருங்க! இந்தக் காலத்துப் பசங்க யாரு இப்படிப் பேசறாங்க?"

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேண்டாம் என்றது யார், பழியை யார் தலையில் போட்டேன், எல்லாம். என் பெண்டாட்டி முன்னால் என்னைப் போட்டுக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அவன் அதைச் சொல்லவில்லை. பதினாலு வாசலில் நின்றவனுக்கு, மூஞ்சியில் கதவைச் சாத்துகிறவனுக்கும் சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டு திரும்பி நடக்கப் பழகிவிட்டது போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று போனேன். எங்கள் டீம் ஃபீல்டிங். ஓவர் மாறும் நேரத்தில் அவன் தண்ணீர் குடிக்க ஸ்கோர் மேஜைக்கு வந்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

"தம்பி, அந்த வீட்டு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

தண்ணீர்க் கேனை மூடிவைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கா ரொம்ப நல்லவங்க அண்ணா," என்றான். பிறகு தன் ஓவரைப் போடப் போய்விட்டான்.