அண்ணன் மாட்டிக் கொடுத்த வைஃபை கார்டு

காது கேளாதவர்கள் அவளை ‘மச்சம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயால் அல்ல, ஆள்காட்டி விரலால் வலது கன்னத்தை இருமுறை தொட்டுக் காட்டுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அண்ணன். பிறவியிலேயே காது கேளாதவர். அவரோடு பேசிப் பேசித்தான் அவளுக்குச் சைகை மொழி வந்தது, பிற்பாடு அதுவே பிழைப்பாகவும் ஆனது.

வீட்டின் உள்ளறையில், முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பின் முன்னால் காலை ஒன்பதுக்கு உட்காருவாள். ஆஸ்பத்திரியிலிருந்தும் வங்கியிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் வீடியோ அழைப்புகள் வரும். டாக்டர் பேசுவதை இவள் கையால் சொல்வாள், நோயாளி கையால் சொல்வதை வாயால் சொல்வாள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு அழைப்புகள். மாலை ஆறுக்கு எழுந்திருக்கும்போது தோள்பட்டை தனியாகக் கழன்று கிடப்பது போல இருக்கும். கணவர் காபி வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஆறேழு மாதமாக வீடியோ அடிக்கடி உறைந்து நின்றது. கை பாதி வழியில் நிற்கும், பிறகு நடுவில் இரண்டு சைகைகளை விழுங்கிவிட்டு எங்கேயோ போய்க் குதிக்கும். குரல் அறுந்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும், திரும்பச் சொல்லச் சொல்வார். சைகை அறுந்தால் பல சமயம் தெரியவே தெரியாது. அப்படித்தான் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் விஷயம் நடந்தது. மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். இவளும் சொன்னாள். அந்த ‘வேண்டாம்’ மட்டும் போய்ச் சேரவில்லை. மூன்று நாள் வாந்தி எடுத்துவிட்டு அந்தப் பெண் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அன்றைக்கும் அழைப்பு இவளுக்கே வந்தது. நீங்கதானே சாப்பிடச் சொன்னீங்க என்று அந்தப் பெண் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். அந்தக் கேள்வியையும் குரல் மாறாமல் டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றே இணைய கம்பெனிக்குச் சொல்லி ஆளை வரவழைத்தாள். வந்தவர் கூடத்தில் புது ரௌட்டரை மாட்டினார், தன் போனில் வேகத்தை அளந்து காட்டினார். போனில் பறந்தது. லேப்டாப்பில் பழைய நடைதான்.

“லைன்ல ஒரு குறையும் இல்லக்கா. லேப்டாப்புக்குள்ள இருக்கற வைஃபை கார்டு பழசு. இந்த பில்டிங்ல இருக்கற அத்தன பேரும் போற நெரிசல் ரோட்டுலதான் அதுக்குப் போகத் தெரியும். புது ரௌட்டர் வேற ரோடு போட்டு வச்சிருக்கு, ஆனா உங்க கார்டுக்கு அது கண்ணுல படாது,” என்றார் அவர்.

நெட் கேபிள் செருக இடமே இல்லாத மெல்லிய ரக லேப்டாப் அது. பக்கத்தில் செருகும் வைஃபை குச்சியை வாங்கிப் பார்த்தாள், அரைமணியில் சூடேறித் தானாகத் துண்டித்துக்கொண்டது. லேப்டாப்பையே மாற்றலாம் என்றால், வேலை கொடுக்கும் நிறுவனம் புது மெஷினைச் சோதித்து அனுமதி தர ஒரு மாதம் ஆகும். அதுவரை வேலை இல்லை. கடைசியில் உள்ளே இருக்கும் கார்டை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. மாடலைச் சரிபார்த்து, அதற்குப் பொருந்தும் புது கார்டை வரவழைத்துவிட்டு, அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்.

அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அரிசியைவிடச் சிறிய திருகாணிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் தன் கருவிப் பையோடு வந்து சாப்பாட்டு மேஜையில் துணி விரித்தார். லேப்டாப்பைக் கவிழ்த்து, ஒரு தாளில் அதன் உருவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் வைத்தார். அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். கார்டு தபால்தலை அளவுகூட இல்லை. ஒரு திருகாணி, மேலே கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர்கள், அவ்வளவுதான். ஒயர் முனையில் சட்டையில் வைக்கும் டிச் பட்டன் மாதிரி ஒன்று, கடுகுக்குச் சற்றே பெரியது.

அண்ணன் வேலை செய்யும்போது பேச முடியாது. கை இரண்டும் வேலையில் இருக்கும். பழைய கார்டைக் கழற்றியதும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்கு வந்து எத்தன மாசமாச்சு?” என்று சைகையில் கேட்டார்.

வேலை என்று ஒரு கையை அசைத்தாள்.

“இப்பல்லாம் எங்கிட்ட ஒத்தக் கையாலதான் பேசற. கவனிச்சியா?”

அவள் கவனித்திருக்கவில்லை. மடியில் கிடந்த இடது கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அதையும் தூக்கி இரண்டு கையாலும் சொன்னாள்: “நாள் பூரா யார் யார் பேச்சையோ பேசறேன். சாயங்காலம் ஆனா எனக்குன்னு பேச எதுவும் மிச்சமில்ல. உன்னப் பாத்தா அதுவும் இன்னொரு அழைப்பு மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காத.”

அண்ணன் இடுக்கியை எடுத்துக்கொண்டார். புது கார்டு உட்கார்ந்தது, கறுப்பு ஒயரும் உட்கார்ந்தது. வெள்ளை ஒயர் நான்கு தடவை வழுக்கியது. ஐந்தாம் தடவை விரல் நுனியால் அழுத்தினார். அது ‘டிக்’ என்றது அவளுக்குக் கேட்டது, அவருக்கு விரலில் தெரிந்தது. இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள்.

எல்லாவற்றையும் மூடி ஆன் செய்தால் வைஃபை அடையாளத்தையே காணோம். அவளுக்குக் காசும் போய் மெஷினும் போயிற்றா என்றுகூட யோசிக்கத் தெம்பில்லை, நாளைக்குக் காலை ஒன்பது மணியைத்தான் நினைத்தாள். புது கார்டை இயக்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையம் வரவோ அந்த டிரைவர் வேண்டும். அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, சார்ஜர் ஒயரால் லேப்டாப்போடு இணைத்து, போனின் இணையத்தை அதற்குக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் டிரைவர் இறங்கியது. லேப்டாப் ஒருமுறை அணைந்து எழுந்தது. புது ரௌட்டர் போட்டு வைத்த அந்த இன்னொரு ரோட்டின் பெயர், இத்தனை நாள் கண்ணில் படாதது, பட்டியலின் தலையில் இருந்தது.

சோதிக்க வேண்டுமே என்று அண்ணன் கூடத்துக்குப் போய் போனிலிருந்து வீடியோவில் அழைத்தார். உள்ளறையில் அவள் வேகவேகமாக எதையெதையோ சொன்னாள். ஒரு சைகைகூட நடுவில் அறுந்துபோகவில்லை.

திங்கட்கிழமை முதல் அழைப்பு முடிந்ததும் கண்ணை மூடி மூச்சு விட்டாள். ஆனால் நிறுவனத்தின் கணினி, இணைப்பு யாருக்கு நன்றாக இருக்கிறதோ அவருக்கே முதலில் அழைப்பை அனுப்பும். ஒரு நாளைக்குப் பதினொரு அழைப்பு பதினாறாயிற்று. வியாழக்கிழமை தட்டைத் தூக்கக்கூடக் கை வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்குக்கு மேல் தன்னால் முடியாது என்று மேற்பார்வையாளருக்கு எழுதினாள்.

“மேடம், நெட் சரியாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க,” என்றார் அவர் போனில்.

“நெட் சரியாயிடுச்சு சார். நான்தான் சரியாகல,” என்றாள். அதற்குமேல் விளக்க வரவில்லை. அவர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி டீ கொடுத்தாள். அண்ணன் எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஒரே கண்ணாடியின்மேல் மூன்று முறை உட்கார்ந்து உடைத்த வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவள் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். பதில் எதுவும் எதிர்பார்க்காமல் அவர் சொல்லிக்கொண்டே போனார். இரண்டாவது முறை அந்த ஆள் உட்கார்ந்த இடத்தில் அவளுக்குக் கண் சொருகியது. அண்ணன் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, மீதிக் கதையை அண்ணியின் பக்கம் திரும்பிச் சொன்னார்.