அக்காவுக்காக நான் சொல்லவேண்டி இருந்த ஓம்

செத்துப்போன என்ரை அக்கா போன வருசம் ஐப்பசி தொடங்கி எங்கடை வீட்டிலை நிண்டவ. பேய்க்கதை சொல்லுறாள் எண்டு நினைக்காதேங்கோ, சகோதரங்களே. நான் முதியோர் இல்லத்திலை வேலை செய்யிறனான். எத்தினை பேற்றை கண்ணை மூடி விட்டிருக்கிறன். உதுக்கெல்லாம் பயப்பிடுற ஆள் இல்லை. ஆனா உடுப்புக் காயப்போடேக்கை முதுகுக்குப் பின்னாலை ஆரோ நிக்கிற மாதிரி இருக்கும். காரிலை தனியப் போகேக்கை பின் சீற்று தெரியாமல் கண்ணாடியைத் திருப்பி விடுவன். ஒருநாள் அபியைச் சாப்பிடக் கூப்பிட்டன். என்ரை வாயிலை இருந்து அக்காவின்ரை குரல் வந்தது. அத்தான் கோப்பையை வைச்சிட்டுத் திரும்பிப் பாத்தார். அவருக்கும் கேட்டிருக்கு.

ஆர் எவர் எண்டு முதல் சொல்லிவிடுறன். அபி அக்காவின்ரை மகள். அத்தான் அக்காவின்ரை மனுசன், இப்ப என்ரை மனுசன். அக்கா இங்கை டென்மார்க்கிலை, பிராண்டே எண்ட ஊரிலை புற்றுநோயிலை மோசம் போகேக்கை அபிக்கு மூண்டு வயசு. நான் கோபன்ஹேகனுக்குக் கிட்ட அல்பர்ட்ஸ்லுண்டிலை பெரியம்மா வீட்டிலை இருந்து படிச்சுக்கொண்டிருந்தன். எங்கடை ஆக்கள் என்ன செய்வினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. செத்தவீடு முடிஞ்சு கொஞ்ச நாளிலை மாமாவும் பெரியம்மாவுமா ரெலிபோனிலை கதைச்சு முடிச்சிட்டினம். பிள்ளைக்கு வெளியாலை ஒருத்தி ஏன், தங்கச்சி இருக்கிறாள்தானே எண்டவை. அத்தான் எண்டு கூப்பிட்டவரைக் கலியாணத்துக்குப் பிறகும் அத்தான் எண்டே கூப்பிட்டன். அபிக்கு நான் முந்தியும் சித்தி, பிந்தியும் சித்தி. ஒண்டும் மாறாத மாதிரி எல்லாரும் இருந்தினம்.

அத்தான் மோர்மன் எண்ட கிறிஸ்தவ சபைக்குப் போனதே அக்காவின்ரை சாவாலைதான். காற்றாலைத் தொழிற்சாலையிலை வேலை முடிஞ்சு வந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிற மனுசன். குடும்பம் சாவோடை முடியிறேல்லை எண்டு மிஷனரிமார் வந்து சொல்ல, அழுதுகொண்டு கதவைத் திறந்து விட்டார். நானும் பிறகு ஞானஸ்நானம் எடுத்தன். அந்த விசுவாசம் எனக்கு அண்டைக்கும் பொய்யில்லை, இண்டைக்கும் பொய்யில்லை.

பிறகுதான் ஆலயக் கதை வந்தது. கோபன்ஹேகனிலை இருக்கிற எங்கடை ஆலயத்திலை புருசனையும் பெண்சாதியையும் நித்தியத்துக்கும் சேர்த்து முத்திரிச்சு விடுவினம். செத்த ஆளுக்கும் செய்யலாம். உயிரோடை இருக்கிற ஒருத்தர் அவையின்ரை இடத்திலை முழங்காலிலை நிண்டு ஓம் சொல்லவேணும். முதல் அக்காவோடை, பிறகு என்னோடை, அதோடை அபியையும் தாயோடை சேர்க்கலாம் எண்டது அத்தான்ரை ஆசை. அக்காவின்ரை இடத்திலை நிக்கிறது ஆர்? நான்தான். ரெண்டாந்தாரம் முதல்தாரத்துக்காக நிக்கிறது வழமைதான். "அக்காவுக்கு நீ செய்யிறதிலை இதுதான் பெரிசு" எண்டு அத்தான் சந்தோசமாச் சொன்னார். நானும் தலையாட்டினன்.

அந்தக் கிழமை ஞாயிறு வகுப்பிலை ஒரு டேனிஷ் சகோதரி தன்ரை குடும்பக் கதை சொன்னா. அவவின்ரை பூட்டியின்ரை தங்கச்சி, சபையிலை ஒரு ஆம்பிளை பல பேரைக் கட்டுற வழமை இருந்த அந்தக் காலத்திலை இங்கையிருந்து கப்பலேறி, அமெரிக்காவிலை யூட்டாவுக்குப் போய் ஒருத்தருக்கு ரெண்டாம் மனைவியா ஆனவவாம். முதல் மனைவிதான் அந்தப் பெட்டையின்ரை கையைப் பிடிச்சுத் தன்ரை புருசன்ரை கையிலை வைச்சு விட்டவவாம். என்ன தியாகம் எண்டு எல்லாரும் உருகிச்சினம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அந்த முதல் மனைவிக்கு விருப்பமோ எண்டு ஆரும் கேட்டவையோ?" எண்டன். வகுப்பு நடத்தினவ புத்தகத்தை மூடினா. பிறகு எல்லாரும் கேக் சாப்பிடப் போனம்.

எனக்கு மனம் ஆறேல்லை. வேலையிலை இடைவேளை கிடைக்கிற நேரமெல்லாம் போனிலை அந்தப் பழைய சரித்திரத்தை வாசிச்சன். சபையே இப்ப அதை மறைக்கிறேல்லை. சபையைத் தொடங்கின எங்கடை முதல் தீர்க்கதரிசி தன்ரை முதல் மனைவிக்குத் தெரியாமலே சிலரைக் கட்டினவர். பதினாலு வயசுப் பிள்ளையும் அதிலை இருந்தது. அபி அப்பதான் பதினாறு முடிச்சவள். போனைக் கவிட்டு வைச்சிட்டன். முழு மனசோடை சம்மதிச்சு, அந்த வாழ்க்கைக்காக வாதாடின பொம்பிளையளும் இருந்தவை, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா ஓம் எண்டால் மோட்சம், இல்லை எண்டால் நீ கடவுளை எதிர்க்கிறாய் எண்டு சொல்லிப்போட்டு ஒருத்தியைக் கேட்டால், அது என்ன கண்டறியாத கேள்வி?

சபைத் தலைவரிட்டைப் போனன். நல்ல மனுசன். "உங்கடை அக்காவுக்கு அந்த உலகத்திலை சுதந்திரம் இருக்கு, விரும்பாட்டி மறுக்கலாம்" எண்டார். மறுத்தால் பிள்ளையையும் இழப்பாவோ எண்டு கேட்டன். கடவுள் பாத்துக்கொள்ளுவார் எண்டார். அதுக்குப் பிறகுதான் அக்கா வீட்டுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியிலை கடைசியா என்ரை கையைப் பிடிச்சு, "பிள்ளையைப் பாத்துக்கொள்" எண்டு சொன்னவ. பிள்ளையை எண்டுதான் சொன்னவ. அத்தானை எண்டு சொல்லேல்லை. இத்தினை வருசமா அதை நான் யோசிக்கேல்லை. இப்ப மாக் குழைக்கேக்கையும் அதுதான், வேலையிலை கிழவியளைக் குளிப்பாட்டேக்கையும் அதுதான். அத்தானுக்குப் பக்கத்திலை படுக்கக் கூசிச்சுது. நான் ஸோபாவுக்குப் போயிட்டன். ஐயோ, எனக்கு விசர் பிடிச்சிடுமோ எண்டு பயந்தன். உபவாசம் இருந்து ஒரே ஜெபத்தைத்தான் திருப்பித் திருப்பிச் செய்தன். ஆண்டவரே, அக்காவுக்குச் சம்மதமோ? எனக்கு ஒருக்காக் காட்டிவிடும். ஒண்டும் வரேல்லை.

மாசி மாதம், குறிச்ச நாளிலை, மூண்டு பேருமா ஆலயத்துக்கு வெளிக்கிட்டு, கடலுக்கு மேலாலை போற பெரிய பாலத்தாலை போனம். காத்து காரை ஒரு பக்கமாத் தள்ளிச்சுது. பின்னாலை இருந்த அபியிட்டை, பக்கத்திலை ஆரும் இருக்கினமோ எண்டு கேக்க வாய் உன்னிச்சுது. அடக்கிக்கொண்டன்.

ஆலயத்துக்குள்ளை நடக்கிறதை வெளியிலை கதைக்கிறேல்லை, நானும் கதைக்கமாட்டன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்லுறன். அந்த அறையிலை எதிரெதிராக் கண்ணாடி இருக்கு. முழங்காலிலை நிண்டு பாத்தால் ஒண்டுக்குள்ளை ஒண்டா முடிவில்லாமல் போகும். அழகு எண்டு சொல்லுவினம். நான் பாத்தன். வெள்ளை உடுப்போடை ஒரு நிரை பொம்பிளையள். நானும் அக்காவும் ஒரே அச்சு. கிட்ட நிண்டது நான். தூரத்திலை நிண்டதுகளிலை எது நான், எது அவ எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒரு முகத்திலையும் சிரிப்பில்லை.

நடத்திவைக்கிற பெரியவர் அக்காவின்ரை பேரைச் சொல்லிக் கேட்டார். ஆண்டவரே எண்டன் மனசுக்குள்ளை. குரலும் கேக்கேல்லை, வெளிச்சமும் வரேல்லை. பயம் மட்டும் என்னை விட்டுப் போச்சு. "இல்லை, என்னாலை ஏலாது. அது அவ சொல்லவேண்டியது" எண்டு டேனிஷிலை சொன்னன். பெரியவர் கோவிக்கேல்லை. நான் எழும்பக் கை தந்தார்.

வெளியிலை வந்த உடனை அபி என்னைக் கட்டிப்பிடிச்சாள். "அம்மா சொல்லாததை அம்மா சொன்னதா ஆக்கிப்போடுவீங்களோ எண்டு பயந்துகொண்டிருந்தன்" எண்டு டேனிஷிலை சொல்லி அழுதாள். அவளும் தனக்குள்ளை அதைத்தான் வைச்சிருந்திருக்கிறாள், பாவம். அத்தான் காருக்குப் பக்கத்திலை திறப்போடை நிண்டார். ஏசப் போறார் எண்டு நினைச்சன். நானும் ரெண்டு கதை திருப்பிக் குடுக்க ஆயத்தமா நிண்டன்.

"அவவை நான் கேக்கேல்லை, சரி" எண்டார். "உன்னையும் நான் ஒருநாளும் கேக்கேல்லையே."

அவர் திறப்பைக் கைக்குள்ளை பொத்திக்கொண்டார்.

"மாமா கேட்டவர், பெரியம்மா கேட்டவ, ஆரோ ஓம் எண்டினம். நான் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். என்னோடை இருக்க உனக்கு விருப்பமோ? இல்லை எண்டாலும் நான் கோவிக்கன். அபி எப்பவும் உன்ரை பிள்ளைதான்."

சகோதரங்களே, அக்காவை ஆரும் கேக்கேல்லை எண்டு இத்தினை மாதமா அழுதனான். என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லை எண்டது எனக்கு உறைக்கவே இல்லை. நான் கேட்டது ஒண்டு, ஆண்டவர் தந்தது இன்னொண்டு. "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டன். மனுசன் தலையாட்டிப்போட்டுக் காரை எடுத்தார். வீடு வந்துசேருமட்டும் நான் வாய் திறக்கேல்லை. கொஞ்சம் தவிக்கட்டும் எண்டுதான் இருந்தன்.

பங்குனியிலை ஒருநாள் பின்னேரம் அவர் குசினியிலை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டார். பக்கத்திலை போய், "ஓம், அத்தான்" எண்டன். கத்தியை வைச்சிட்டு அழுதார். வெங்காயம் எண்டு சாட்டும் சொன்னார். அண்டைக்குத்தான் எனக்குக் கலியாணம் நடந்தது எண்டு நான் நினைக்கிறன். ஆண்டவருக்குக் கோடி நன்றி.

அக்காவின்ரை பதில் எனக்கு இண்டைக்கும் தெரியாது. அந்த முத்திரை போடாமலே கிடக்கு. அபி தாயைப் பிரிஞ்சுதான் நித்தியத்திலை நிப்பாளோ எண்டு சில நேரம் நெஞ்சு பதறும். உங்களிலை ஆருக்கும் ஒரு ஓம் தொண்டைக்குள்ளை நிண்டு வெளியிலை வராமல் இருந்தால், பயப்பிடாமல் அதை ஆண்டவரிட்டைக் கொண்டு போங்கோ. முழங்காலிலை நிண்டு இல்லை எண்டு சொன்ன என்னை அவர் தள்ளி விடேல்லை, உங்களையும் விடமாட்டார். நான் இப்ப அந்தக் காலத்துப் பொம்பிளையளுக்காகவும் ஜெபிக்கிறனான். ஆண்டவரே, அவையை ஒவ்வொருத்தரா இருத்தி வைச்சு, உனக்கு விருப்பமோ பிள்ளை எண்டு கேளும். என்ரை அக்காவையும் கேளும். அவ இல்லை எண்டால், இல்லைதான்.