ஆடி முடியட்டும் என்று நிறுத்திய படகு

மீன் விற்கத் தெரிந்தவனுக்குப் படகும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருந்தது என் மனைவிக்குத்தான். நான் விடியற்காலை பஸ் பிடித்து உடவளவைக் குளத்துக்கு இறங்கி, கரையில் மீன் வாங்கி, ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கைப் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து லயம் லயமாக விற்பேன். பிடிக்கிறவனும் சம்பாதித்தான், ஐஸ்காரனும் சம்பாதித்தான். எனக்குக் கையில் வாடைதான் மிஞ்சியது.

என் தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். அவள் புருஷன் கொழும்புக்கு வேலை தேடிப் போனவன், அப்படியே போய்விட்டான். மகளை நடை பழகும் வயதில் எங்களிடம் விட்டுவிட்டுத்தான் அவள் பிளேன் ஏறினாள். லீவில் திரும்பி வந்தபோது பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. அம்மா கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கொண்டு, நேராகப் போய் என் மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டது. தங்கை சிரித்துச் சமாளித்தாள். ஆனால் திரும்பப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

படகு யோசனையைச் சொன்னவன் நான். பழைய படகு ஒன்று வாங்கினால் நானே பிடித்து நானே விற்கலாம், அவளுடைய சம்பளம் இல்லாமலே வீடு ஓடும் என்றேன். அவள் வேலை செய்த வீட்டுக் குவைத்துக்காரி அவளுடைய இடத்தை லீவு முடியும்வரை காலியாக வைத்திருந்தாள். அதற்குள் படகு சோறு போடும் என்று தெரிந்தால் தங்கை இங்கேயே இருந்துவிடுவாள். இல்லையென்றால் போய்த்தான் ஆக வேண்டும். சேர்த்து வைத்திருந்ததை மறுபேச்சில்லாமல் என் கையில் கொடுத்தாள்.

இருவருமாகக் குளத்துக்குப் போனோம். எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இரண்டு படகுகள்தான் இருந்தன. ஒன்று சின்ன பைபர் படகு. மூக்கில் ஒட்டுப் போட்டிருந்தது, நீலப் பெயிண்ட் உரிந்து கிடந்தது. தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே மோதியது, தண்ணீர் எடுக்குமா, ஏன் விற்கிறீர்கள் என்று சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொந்தக்காரன் அவளை உட்காரவைத்தே ஒரு சுற்றுத் துடுப்பு வலித்துக் காட்டினான். அவள் இறங்கி வந்து பாவாடையை உதறிக்கொண்டே, "அண்ணே, இது போதும். வலையும் நீங்களும் இன்னொரு ஆளும் போறதுக்குச் சரியா இருக்கும்" என்றாள்.

எனக்கு அது துணி துவைக்கிற பேசின் மாதிரித் தெரிந்தது. மற்றது பலகைப் படகு. நீளமானது, அகலமானது, புதிதாகத் தார் பூசியிருந்தார்கள். அதன் சொந்தக்காரருக்கு வயதாகிவிட்டது, குளத்துக்குப் போக முடியவில்லை என்று மலிவாகவே விலை சொன்னார். பலாப்பழம் பார்க்கிறவன் போல விரலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் பிடித்திருந்தது. மரம் மரம்தான் என்றேன். பைபரெல்லாம் எத்தனை நாளைக்கு என்றேன். உண்மையைச் சொன்னால், ஒட்டுப் போட்ட படகை வாங்கினால் தோட்டத்தில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் மனசில் ஓடியது.

தங்கை கொஞ்ச நேரம் பைபர் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்களுக்குத் தெரியும்தானே அண்ணே" என்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பெரியவர் படகோடு ஒரு விஷயத்தையும் சொல்லிக் கொடுத்தார். பலகைப் படகை வாங்கியதும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நாள்கணக்கில் கரையில் காயப்போட்டால் பலகை சுருங்கும், இணைப்பு விட்டுப்போகும். நான் தலையாட்டினேன். காயாமல் நிழலில் வைத்தால் சரிதான் என்று நானாகவே ஒரு அர்த்தம் செய்துகொண்டேன்.

பணம் கொடுத்து முடித்த மறுநாள் ஆடி பிறந்தது. நான் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் இருந்தவன். ஆடியில் கடை திறக்கப் பார்த்த ஒருத்தரைக் கையைப் பிடித்து நிறுத்தியவன். நானே ஆடியில் படகை இறக்கினால் அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது? குளக்கரையில் விட்டுவரவும் மனமில்லை, திருடு போய்விடும் என்று பயம். மணல் இறக்கிவிட்டு வெறுமனே மேலே போகிற லொறி ஒன்று கிடைத்தது. ஆட்களைப் பிடித்துப் படகைத் தூக்கி அதில் ஏற்றினேன். யுத்த காலம், வழியில் ஆமி செக்பொயின்டில் நிறுத்திவிட்டார்கள். படகோடு மலைக்குப் போகிற தமிழனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கோயில், பூசை, நல்ல நாள் என்று சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான், விட்டுவிட்டார்கள்.

கோயில் பக்கத்துத் தகரக் கொட்டகையில், மழையும் வெயிலும் படாமல், இரண்டு கட்டையின் மேல் படகை வைத்தேன். மாலை போட்டேன். தோட்டமே வந்து பார்த்தது. தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கானில் மீன் பிடிக்கப் போகிறாயா என்று கங்காணி கேட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த வருடம் ஆடியில் எங்கள் பக்கம் மழை சுத்தமாக இல்லை. மத்தியானத்தில் கொட்டகைக்குள் நிற்க முடியாது, தகரம் அப்படிக் கொதிக்கும். வெயில் படவில்லையே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நாட்களில்தான் பிள்ளை மெல்ல மெல்லத் தன் அம்மாவிடம் ஒட்டியது. முதலில் சாப்பாடு ஊட்ட விட்டது. பிறகு தலை வாரிக்கொள்ளப் போய் உட்கார்ந்தது. அப்புறம் அவள் பாயிலேயே படுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரோட்டிலிருந்தே "அம்மா" என்று கத்திக்கொண்டு ஏறி வரும். தங்கையின் முகத்தில் அப்போது இருந்த களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவள் கொட்டகைக்கு வந்து படகின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "அண்ணே, அந்தத் தாத்தா தண்ணியிலயே வைக்கச் சொன்னாரே. ஆடி அம்மனோட மாசந்தானே, கும்பிட்டுட்டு இறக்கிருவோமே. எனக்கு லீவும் ஓடுது."

நான் வெடித்தேன். "அரபு நாட்டுல போய் இருந்துட்டு வந்தா நல்லது கெட்டதெல்லாம் மறந்து போயிருமா?"

அவள் படகிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள். அவள் போன அந்த நாட்டுச் சம்பளத்தில் வாங்கிய படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னேன். அது என் வாயில் எப்படி வந்ததோ தெரியவில்லை. ஆடி முழுக்க நான் காத்திருந்தது அவளுடைய லீவு நாட்களைச் செலவழித்துத்தான் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆவணி பிறந்த அன்று சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, படகைக் குளத்துக்குக் கொண்டுபோனோம். பெரியவரும் வந்திருந்தார். தண்ணீரில் தள்ளி நான் ஏறி நிற்பதற்குள் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. பெரியவர் கரைக்கு இழுக்கச் சொல்லி, குனிந்து அடிப்பலகையை விரலால் வழித்துப் பார்த்தார். இணைப்பு விட்டதை ஊறவைத்துச் சரிசெய்யலாம், ஆனால் அடிப்பலகையே நெடுக வெடித்துவிட்டது, மாற்றினால்தான் உண்டு, அந்தச் செலவுக்கு இன்னொரு படகே வாங்கிவிடலாம் என்றார். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். சொன்னேன். என்னைத் திட்டவில்லை. என் தங்கையைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சின்ன பைபர் படகை வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். எங்கள் கண்முன்னாலேயே அது மீனோடு கரைக்கு வந்தது.

பஸ்ஸில் வரும்போது தங்கைதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆடியில் இறக்கி ஏதாவது ஆகியிருந்தால் அதற்கும் உங்களைத்தான் சொல்லியிருப்பார்கள், விடுங்கள் என்றாள். அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது மனசை ஆற்றியிருப்பேன். அவள் அந்த வழியையும் எனக்கு வைக்கவில்லை.

குவைத்துக்குத் திரும்ப அவள் புறப்படுகிற காலையில் வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரிப்பனை முடிந்துவிட்டுப் பிள்ளையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இனிமே அத்தையை அத்தைன்னு கூப்பிடக் கூடாது. அம்மான்னே கூப்பிடணும். சரியா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளை தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தது.

"அப்ப உங்களை என்னன்னு கூப்பிடுறது?"

தங்கை பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிள்ளை அவளை விட்டு என்னைப் பார்த்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னேன்.