மாசேனம்மாவின் இடது கால்

சந்தையில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த வரிசையில் ஓர் இடம். மீன்கூடையோடு ஏறினால் இறக்கிவிடுகிற பஸ்ஸில் பின்படிக்கட்டு ஓரம் ஒரு மூலை. கணவன் போன தெப்பம் ஆளில்லாமல் கரை ஒதுங்கிய பிறகு, மைத்துனர்கள் பங்கு கேட்டு வந்து நின்ற வீடு. மகன் சின்னாராவுக்குச் சொந்தமாக ஒரு படகு. அப்புறம் இடது கால், ஒருமுறை.

மைலப்பிள்ளி மாசேனம்மா போராடி ஜெயித்தவை இவை என்று அவளுடைய அண்ணன் தானய்யா யாரிடமும் சொல்வார். ஐந்தாம் வகுப்போடு ஐஸ் பாக்டரிக்கு வேலைக்குப் போனவர். வரிசை மாற்றிச் சொல்ல அவருக்கு வராது. கடைசியில் வருகிற அந்த ‘ஒருமுறை’யை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்வார்.

முதலில் கெண்டைக்கால்தான் பிடித்தது. கடற்கரையிலிருந்து சந்தைக்கு ஒரே மூச்சில் நடக்கிறவள், நடுவழிப் பனைமரத்தடியில் நின்றாள். பிறகு அதற்கும் முன்னாலிருக்கிற அம்மன் கோயிலிலேயே நின்றாள். நின்றால் வலி போய்விடும், நடந்தால் வந்துவிடும். கால் பெருவிரலில் ஒரு சிராய்ப்பு ஆறாமல் புண்ணானபோது தானய்யா அவளை விசாகப்பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே டாக்டர் சத்யவாணி, கடலில்லாத கடப்பாப் பக்கத்துக்காரர், தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருப்பதைப் படத்தில் காட்டினார். காலைக் கிழிக்கப் போவதில்லை என்றார். தொடை இடுக்கில் ஒரு சிறு துளை, அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் பலூன், பலூன் விரித்த இடம் மறுபடி சுருங்காமலிருக்க வலைபோல ஒரு குழாய். தானய்யாவுக்கு அது உடனே பிடிபட்டது. மணல் மூடிய கழிமுகத்தை ஊரே கூடி வெட்டித் திறப்பது அவர் வருஷம் தவறாமல் பார்த்ததுதான். திறந்த முகம் மறுபடி மூடுவதையும் பார்த்திருக்கிறார். அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

பீடி, சிகரெட் குடிப்பாயா என்று டாக்டர் கேட்டார்.

“நான் என்ன ஆம்பளையா டாக்டரம்மா?” என்று மாசேனம்மா சிரித்தாள். தானய்யாவும் இல்லை என்று தலையாட்டினார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கரையில் புகை குடிப்பது ஆண்கள். பெண்கள் சுருட்டைப் பற்றவைத்து, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து உதட்டை மூடிக்கொள்வார்கள். அட்டபொக என்பார்கள். காற்றிலும் சாரலிலும் அணையாது, கூடை பிடிக்க இரண்டு கையும் மிச்சம். வெற்றிலை போடுவதைப் போல அது ஒன்று. அதைப் புகை என்று யாரும் எண்ணியதில்லை.

சம்மதக் காகிதத்தில் மாசேனம்மா கைப் பெருவிரலை மையில் தொட்டு ஒற்றினாள். கால் பிழைத்தது.

பாதத்தின் மேல் எந்த இடத்தில் விரல் வைத்தால் நாடி தட்டும் என்று நர்ஸ் காட்டியிருந்தாள். தானய்யா தினமும் காலையில் கேழ்வரகு அம்பலி குடிக்கும் முன் தங்கை வீட்டுக்குப் போய் அங்கே விரல் வைப்பார். “கலெக்டர் கூட இவ்வளவு ஒழுங்கா வேலைக்குப் போக மாட்டாரு” என்று அவள் கேலி செய்வாள், வாய்க்குள் சுருட்டு இருப்பதால் சொற்களை மென்றபடி. மாத்திரை தவறவில்லை. மீதிப் பொழுதில் சின்னாராவின் படகு நிழலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, முகப்பில் பெயின்டர் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து மணலில் கிறுக்குவாள். எதற்கு என்று கேட்டால், நண்டு விரட்டுகிறேன் என்பாள்.

இரண்டாவது வருஷம் ஆனி மாதத்திலிருந்தே தானய்யாவின் விரலுக்குக் கீழே அந்தத் தட்டு மெலிந்துவந்தது. தன் விரல்தான் காய்ப்பேறிப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். ஆடியில் ஒரு காலை, விரல் வைத்தார், எதுவுமில்லை. இடம் மாற்றி வைத்தார். பாதம் ஐஸ் பாக்டரியில் விறைத்துக் கிடக்கும் மீனைப் போல இருந்தது. நகத்தடியில் கறுப்பு ஏறியிருந்தது. என்னவென்று அவள் கண்ணால் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை, மூடிய உதட்டின் ஓரத்தில் மெல்லப் புகை கசிந்தது.

அதே டாக்டர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வைத்த குழாயே அடைத்துவிட்டது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி ஏன் என்றார். பிறகு மாசேனம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். மேலண்ணம் முழுக்க வெளுத்துத் தடித்து, நடுநடுவே கருகியிருந்தது.

“புகை பழக்கம் இல்லேன்னீங்களே அம்மா.”

“அது புகையில்ல டாக்டரம்மா. நான் வெளிய விடுறதேயில்ல, உள்ளயே வெச்சுக்கிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தானய்யாவைப் பார்த்தார். தினம் நாடி பார்த்த மனிதர் தரையைப் பார்த்தார்.

இந்த முறையும் கம்பி விட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். ரத்தம் இறங்கவில்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும்; இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் வேண்டும். சின்னாராவ் காகிதத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தானய்யா கை நீட்டினார். நர்ஸ் மைப்பெட்டியைத் திறந்தாள்.

“அத மூடு தாயீ” என்றாள் மாசேனம்மா. “போறது என் காலு. நான்தான் எழுதணும்.”

பேனாவை நங்கூரக் கயிறு பிடிப்பதைப் போல இறுக்கிப் பிடித்து எழுதினாள். படகு முகப்பில் இருந்த அதே சுழித்த எழுத்துகள், கடைசி எழுத்தின் வால் மீன்வாலாக விரிவதுகூட அப்படியே. பிறகு இடுப்புச் செருகலிலிருந்து சுருட்டு முடிச்சை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

சாயங்காலம் வெளியே கொண்டுவந்தார்கள். போர்வைக்கடியில் இரண்டு பாதமும் மேடு கட்டியிருந்தன. தானய்யா விரல் வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பின்பு, தூண்டிலை முகர்ந்துவிட்டுப் போகிற குஞ்சு மீன் மாதிரி, ஒரு தொடல்.

“இன்னைக்கு இருக்கு” என்றார் டாக்டர். நாளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாசேனம்மா கண் விழித்தாள். உதடு வறண்டிருந்தது. “அண்ணய்யா, அந்த முடிச்சு பத்திரமா இருக்கா?”

“கடல்ல போட்டுட்டேன்.”

“ஆஸ்பத்திரிக்குள்ள கடல் எங்கேர்ந்து வந்துச்சு?”

தானய்யாவின் சட்டைப்பையில் முடிச்சு கனத்தது. அவள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து குப்பைத் தொட்டிவரை போய், அவள் பார்க்கும்படியாக ஒவ்வொரு சுருட்டாக நசுக்கிப் போட்டார். பிறகு கட்டில் காலடியில் தொங்கிய அட்டையில் செருகியிருந்த சம்மதக் காகிதத்தைத் திருப்பி, அந்த மீன்வால் எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசித்தார். அதன் கீழே நர்ஸ் தேதி போட்டிருந்தாள்: 9 ஆகஸ்ட் 2018.