செர்மன் ஊரும் ரோஸ்மில்க் ஆறும்

மை காயாத அச்சுத்தாளுக்கு ஒரு வாசம் உண்டு. மண்ணெண்ணெயில் பெயிண்டைக் குழப்பினதுபோல் மூக்கில் ஏறி, இரண்டு புருவத்துக்கு நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். சிவகாசியில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வாசத்திலேயே பசி எடுக்கும் என்று நான் சொன்னால், உங்களுக்கு எதில்தான் பசி எடுக்காது என்று என் பெண்டாட்டி கேட்பாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. என்னை அனுப்பிவைத்த பிறகு பள்ளிக்கூடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு மாடிகூட எழுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் எழுதுவதால் தப்பு இருந்தால் அச்சாபீஸ்காரர் திருத்திக்கொள்ளட்டும், எங்கள் ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

அம்மாவின் தம்பி சேகர் மாமா, காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் தாள் அடுக்கும் வேலையில் இருந்தார். அந்தக் காலத்து மிஷின் ஒரு தடவைக்கு இரண்டு கலர்தான் அடிக்கும். முதலில் மஞ்சளும் சிவப்பும் ஓட்டி, தாளைக் காயப்போட்டு, அதன் பிறகுதான் நீலமும் கருப்பும் ஓட்டுவார்கள். முதல் ஓட்டத்திலேயே சாய்ந்தது, மடங்கினது, கறை பட்டது எல்லாம் "வேஸ்ட் கட்டு" என்று ஒதுக்கப்பட்டு, நீலத்தைக் கண்ணால் பார்க்காமலே வேலையாட்களின் வீட்டுக்கு வந்து சேரும். நல்ல தாள் லாரி ஏறி வெளியூர் நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் போய்விடும். ஊருக்கெல்லாம் காலண்டர் அடித்துக் கொடுத்த எங்கள் வீடுகளில் அரைகுறைச் சாமிகள்தான் குடியிருந்தன. எங்கள் வீட்டுக் கிருஷ்ணர் நல்ல ரோஸ் நிறம். ஒரு தடவை மதுரையில் கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்தில் நீலக் கிருஷ்ணரைப் பார்த்துவிட்டு, சாமிக்கு உடம்புக்கு என்னம்மா என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினவன் நான்.

அந்தக் கட்டுகளில் ஒன்றில்தான் அந்த செர்மன் ஊர் எங்கள் வீட்டுக்கு வந்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து சோற்றில் விழுகிறதென்று அம்மா மைதாப் பசை காய்ச்சி, படுக்கிற பக்கத்துச் சுவரில் அதை ஒட்டினாள். ஒரு வளைந்த ஆறு. கரையில் கூரான கோபுரத்தோடு ஒரு கோயில், அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு சிவப்புக் கூரை வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தான மலை, அந்த மலை முழுக்கச் சீப்பால் வாரி விட்டதுபோல் வரிசை வரிசையாக ஏதோ செடி. நீலம் ஓடாததால் மலை மஞ்சளாக இருந்தது, ஆறு ரோஸாக இருந்தது. அதுதான் அந்த நாட்டு நிறம் என்று நாங்கள் நம்பினோம்.

"அது என்ன செடிடா தம்பி, மொளகாயா?" என்று அம்மா கேட்டாள்.

"திராட்சக்கா. செர்மன்காரன் ஊரு. மலையில திராட்சயப் போட்டு, அதப் பிழிஞ்சு பீப்பாயில ஊத்தி வச்சுக் குடிப்பாகளாம். எங்க மேனேசர் சொன்னாரு."

"அப்ப சாராயம்னு சொல்லு" என்றார் என்னைப் பெற்ற அய்யா, பாயில் கிடந்தபடியே.

"பாக்க எம்புட்டு அமைதியா இருக்கு," என்று அம்மா அந்த வீடுகளை ஒரு முறை முறைத்தாள். "உள்ள பூராவும் குடிகாரப் பயலுகளா?"

எங்கள் அய்யா சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். சாயங்காலம் வரும்போது அலுமினியப் பொடி ஒட்டி, முகமும் கையும் வெள்ளி பூசினதுபோல் இருக்கும். எங்கள் வீட்டிலேயே வெள்ளி என்று சொல்ல இருந்தது அவர் ஒருவர்தான். குளித்துவிட்டு வந்து பாயில் சாய்ந்து, அந்த ஊரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அவர் வாழ்நாளில் தண்ணீர் ஓடுகிற ஆற்றைப் பார்த்ததில்லை. தினம் வேனில் தாண்டிப்போகிற வைப்பாற்றில் மணலும் சீமைக்கருவேலும்தான். "ஏலே, இது ரோஸ்மில்க் ஆறுலே," என்பார் என்னிடம். "சீசன் முடியட்டும். ஒரு லீவப் போட்டுட்டுப் போயி, குளிச்சுட்டு, ரெண்டு சொம்பு மோந்து குடிச்சுட்டு வாரேன்." நான் ஐஸ் போட்டிருப்பார்களா என்று கேட்பேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டேன்.

சீசன் முடியவில்லை. தீபாவளிக்கு முந்தின நெருக்கடியில், மருந்து சலிக்கும்போது உரசல் பட்டுத் தீப்பிடித்தது. அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு எடுத்தது அய்யாவை மட்டும்தான்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில், கொசுவலைக்குள் வாழை இலை விரித்து அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் நின்ற நர்ஸம்மா, அம்மா கெஞ்சின கெஞ்சலில் என்னைப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். அய்யாவின் முகம் ஊதியிருந்தது. குரல் மட்டும் அவருடையதாக இருந்தது. "தண்ணி, தண்ணி" என்பதைத் தவிர அந்தக் குரலுக்கு வேறு வேலை இல்லை. கேட்கிற அளவுக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள், வைத்த மாத்திரத்தில் அது காய்ந்துவிடும்.

பிழைப்பாரா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த மாமா எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து நின்றார். அப்போதுதான் அய்யா என்னைக் கேட்டார்:

"ஏலே, அந்த செர்மன் ஊர எடுத்துட்டு வாலே. பாத்துக்கிட்டாவது கெடக்கேன்."

சுவரில் ஒட்டினதைப் பிய்க்க முடியாது. பருப்பு டப்பாக்களுக்கு அடியில் அலமாரியில் விரித்திருந்த, அதே ஊரின் இன்னொரு தாளை உருவிக்கொண்டு மறுநாள் மாமாவோடு போனேன். ஏதோ மருந்து கொண்டுபோகிறவன் மாதிரி பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா முணுமுணுத்துக்கொண்டே பிளாஸ்திரி கொடுத்தார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், வலைக்கு வெளியே ஒட்டினோம்.

அய்யா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் உடம்பைப் பின்னால் இழுத்தார். நகர முடியாத உடம்பு, வாழை இலையில் சரசரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"எரியுதேலே," என்றார். "ஊரே எரியுது. எடு. எடுத்துரு."

அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கும் தெரிந்தது. மஞ்சள் மலை. சிவப்புக் கூரைகள். மலையும் கூரையும் தலைகீழாக விழுந்து தகதகக்கிற ஆறு. இத்தனை நாள் அதற்குக் கீழேதான் நாங்கள் சோறு தின்றோம், தூங்கினோம். மாமா அதைப் பிய்த்துச் சுருட்டினார். அம்மா அப்போதுதான் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். என்னைப்போல மரமண்டைக்குக்கூட ஒன்று விளங்கிவிட்டது: அந்த ஆற்றுக்கு நீலம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். நீலம் வந்துவிட்டால் அய்யா பிழைத்துவிடுவார் என்று எனக்கு நானே ஒரு வைத்தியம் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கே சிவகாசிக்குத் திரும்பினோம். பிரஸ்ஸில் வேறு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படம், ஆர்டர் பிடிக்கக் காட்டுகிற போன வருசத்து ஆல்பத்தில் இருந்தது, அச்சுப் பிளேட்டைப் பழைய தகரத்தோடு போட்டாயிற்று என்றார்கள். நான் தெருத்தெருவாக ஓடினேன். மளிகைக் கடை, முடிவெட்டும் கடை, சோடாக் கடை, ரேஷன் கடை என்று சுவரில் ஆணி இருந்த இடமெல்லாம் நுழைந்து பார்த்தேன். பல இடத்தில் அதே ஊர் இருந்தது, எல்லாம் என்னுடையதைப்போலவே எரிந்துகொண்டிருந்தது. நீலம் விழுந்த செர்மன் ஊர் ஒன்றுகூட, அதை அடித்த ஊரில் இல்லை.

மூச்சு வாங்க நான் திரும்ப பிரஸ்ஸுக்கு வந்தபோது, மாமா மிஷின்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். தங்கையா அண்ணன் என்று அவருக்குப் பேர், ஊரில் ஒருத்தரை விடாமல் கேலி செய்கிறவர். அன்றைக்குக் கேலி பேசவில்லை. டப்பாவிலிருந்து கத்தி முனையில் கொஞ்சம் நீல மையை வழித்து, கிழித்த தாளில் வைத்துக் கொடுத்தார்.

"கழிவுப் பஞ்சால தொட்டு லேசாப் பரசு, மருமகனே," என்று மாமா, சுருட்டிக் கொண்டுவந்த தாளை விரித்தார். "அள்ளி அப்பிறாத."

நான் அப்பினேன். வானத்துக்குப் பூசினேன், ஆற்றுக்குப் பூசினேன், கை தவறி மலைக்கும் இழுத்துவிட்டேன். நீலம் பட்ட மஞ்சள் அப்படியே பச்சையாக மாறியது. என் கைக்குக் கீழே ஒரு மலை தளிர்த்தது. கண்ணைத் துடைத்தேன், மூக்கைத் துடைத்தேன். ஆக, ஆற்றுக்குச் சரியாக என் மூஞ்சிக்கும் நீலம் ஓடியது.

அச்சு மை லேசில் காயாது. காயும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரம் இல்லை. தாளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் நின்றேன்.

"ஏலே, அத மடிச்சு வைலே," என்றார் கண்டக்டர்.

"காயலண்ணே. மடிச்சா ஒட்டிக்கிரும்."

"காயாததத் தூக்கிக்கிட்டு ஏன் பஸ்ல வாரே?" என்றார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர். "நான் பொண்ணு பாக்கப் போறவன்டா. சட்டையில பட்டுச்சு, அம்புட்டுத்தான்."

மாமா அவர் காதில் ஏதோ சொன்னார். அதன் பிறகு அந்த மனிதர் எழுந்து எனக்கு இடம் கொடுத்து, மதுரை வரைக்கும் தாளின் ஒரு முனையைத் தாமே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டையின் கை ஓரத்தில் நீலம் பட்டிருந்தது. அந்தப் பெண் வீட்டில் என்ன சொன்னார்களோ தெரியாது.

"ஏம்மா, இந்தப் பயலுக்கு என்னாச்சு? நீலம் பாரிச்சுக் கெடக்கான்," என்று நர்ஸம்மா பதறி என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். மை என்று தெரிந்ததும் திட்டினார். திட்டிக்கொண்டே மறுபடி பிளாஸ்திரி கிழித்துக் கொடுத்தார்.

அய்யாவுக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. தண்ணீர் கேட்பதையும் நிறுத்திவிட்டிருந்தார். அம்மா வலையை ஒதுக்கி, "இந்தா பாருங்க, ஒங்க ஆறு வந்துருக்கு," என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் திறக்க வைத்தாள். ரொம்ப நேரம் அவர் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உதடு அசைந்தது.

"தண்ணி வந்துருச்சே."

"வந்துருச்சு அய்யா," என்றேன்.

"கரையில நிக்கிறது ஆருலே?"

கரையில் யாரும் இல்லை. கோயிலுக்குக் கீழே, ஆற்று ஓரத்தில் என் விரல் பட்டு ஒரு நீலக் கறை, தலையும் உடம்புமாக நின்றது.

"நாந்தான் அய்யா," என்றேன்.

"பாத்து நில்லுலே," என்றார். "வளுக்கும்."

மறுநாள் காலையில் நாங்கள் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது, அய்யாவின் கட்டிலைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள்.

சாமான்களை எடுக்கும்போது அம்மா அந்தத் தாளின் பிளாஸ்திரியில் கை வைத்தாள். அடுத்த கட்டிலில் மல்லாங்கிணற்றில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர், கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்துக் கருகி வந்தவர், அதுவரை எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர், வலைக்குள்ளிருந்து, "இங்கன கெடக்கட்டும் தாயி," என்றார். அம்மா உரிந்திருந்த முனையை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு, அவர் படுத்திருக்கிற பக்கத்திலிருந்து சரியாகத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

இப்போது இரண்டு கலர் மிஷின்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். எல்லா நிறமும் ஒரே ஓட்டத்தில் விழுந்துவிடுகிறது, அரைகுறைச் சாமிகள் யார் வீட்டிலும் இல்லை. சேகர் மாமா இல்லை. நான் காலண்டர் லோடு ஏற்றுகிற ஆட்டோ ஓட்டுகிறேன். படிப்புக்கு ஏற்ற வேலை, பின்னால் கிடக்கிற ஆயிரம் தாளில் ஒன்றையும் வாசிக்கத் தேவையில்லை. இப்போதெல்லாம் ஆல்பத்தில் வெளிநாட்டு ஊர்கள் கிடையாது, கேட்க ஆளில்லையாம்.

போன சனிக்கிழமை, என் மகள் என் போனில் தேடி, ஆறும் திராட்சை மலையும் உள்ள செர்மன் ஊர்களாகக் காட்டிக்கொண்டிருந்தாள். இதாப்பா, இதாப்பா என்று கேட்டாள். எல்லாம் அதே கோபுரம், அதே கூரை, எல்லா ஆற்றிலும் கரை முட்டத் தண்ணீர். எது நம் ஊர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் தூரத்தில் சத்தம் கேட்டது.

பட்டாசு வெடிக்கிற சத்தத்துக்கும் கம்பெனி வெடிக்கிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தெருவே வாசலுக்கு வந்து, புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தது. கிழக்கே, அச்சங்குளம் ரோட்டுக்குத் தெற்கா வடக்கா என்று தெரியவில்லை. என் பெண்டாட்டி காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறிப் போனது அந்தப் பக்கம்தான். மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவளைக் கூப்பிட்டேன். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எடுக்க ஆள் இருக்காது என்று தெரியும். தெரு முழுக்க எல்லோரும் அப்படித்தான் காதில் வைத்துக்கொண்டு நின்றோம்.

"அப்பா," என்று மகள் என் கைலியைப் பிடித்து இழுத்தாள். "அந்தத் திராட்ச ஊருல வெடிக்காதுல்லப்பா?"

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவன் நான். "வெடிக்காது தாயி" என்று மட்டும் சொன்னேன். போன் மணி முழுசாக அடித்து அடங்கியது. மறுபடி கூப்பிட்டேன்.